கூடைப்பந்தை விட்டு குவார்ட்டர்பேக்கைத் துரத்த வந்தவர்கள்

2013 ஏப்ரல் 25 அன்று நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில், அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் டிராஃப்ட் முதல் சுற்று நடந்தது. கல்லூரியில் ஆடி முடித்து வரும் வீரர்களை அமெரிக்கக் கால்பந்து அணிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் நிகழ்ச்சி அது. அன்று 3, 4, 5 என்று அடுத்தடுத்து அழைக்கப்பட்ட மூவருமே, எந்த இடத்தில் ஆட எடுக்கப்பட்டார்களோ அந்த இடத்தில் வளர்ந்தவர்கள் இல்லை.

மூன்றாவதாக மயாமி எடுத்த டியான் ஜோர்டான், ஓரிகன் பல்கலைக்கழகத்துக்கு டைட் எண்டாக வந்தவர். பந்தைப் பிடிப்பது, எதிராளியைத் தடுப்பது என்று இரண்டு வேலையும் செய்யும் தாக்குதல் வீரர்தான் டைட் எண்ட். நான்காவது, ஃபிலடெல்ஃபியா எடுத்த லேன் ஜான்சன். ஜூனியர் கல்லூரியில் பந்தை எறியும் குவார்ட்டர்பேக், ஒக்லஹோமாவில் டைட் எண்ட், அப்புறம் தற்காப்பு வரிசையின் ஓரத்தில் நிற்கும் தற்காப்பு எண்ட், கடைசியில்தான் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் தாக்குதல் டேக்கிள். ஐந்தாவது, டெட்ராய்ட் எடுத்த எசேக்கியல் அன்சா. கானாவின் அக்ராவில் பிறந்து, படிக்க யூட்டாவுக்கு வந்தவர். 2010 வரை இந்த ஆட்டத்தை அவர் ஆடியதே இல்லை.

ஜான்சன் தன் தலைமுறையின் மிகச் சிறந்த டேக்கிள்களில் ஒருவரானார். அன்சா டெட்ராய்ட்டில் ஆறு பருவங்களில் 48 முறை குவார்ட்டர்பேக்கை வீழ்த்தினார். ஜோர்டான் மயாமிக்காக ஆடிய இரண்டு பருவங்களில் வீழ்த்தியது மூன்றே முறை. ஜான்சன், குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாயும் ரஷரைத் தடுக்கிற பக்கத்து ஆள், அவரை இங்கே விட்டுவிடலாம். ரஷர்களாக எடுக்கப்பட்ட மற்ற இருவருக்கும் ஒரே மாதிரி நீளமான கைகள், ஒரே மாதிரி வேகம். ஒருவருக்குக் கைகூடியது இன்னொருவருக்கு ஏன் கைகூடவில்லை? வேறு இடத்திலிருந்து வருபவரை பாஸ் ரஷராக மாற்றுவதில் அணிகள் எங்கே சரியாகக் கணிக்கின்றன, எங்கே ஏமாறுகின்றன என்பதற்கான பதில் பெரும்பாலும் இந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். தாக்குதல் அணியின் மூளை குவார்ட்டர்பேக். பந்தை எறிபவர் அவர்தான். எறிவதற்கு முன்பே அவரை வீழ்த்துவதற்குப் பெயர் சாக். இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்குப் பாதி, அதனால்தான் கணக்கில் 14.5 போன்ற எண்கள் வரும். 1982-லிருந்து என்எஃப்எல் இதை அதிகாரபூர்வமாகக் கணக்கெடுக்கிறது. தற்காப்பு வரிசையின் ஓரத்திலிருந்து பாய்ந்து இதைச் செய்பவர்தான் பாஸ் ரஷர்.

ஒரே ஒரு பாய்ச்சலை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். பந்து நடுவிலிருந்து பின்னால் போகிறது. குவார்ட்டர்பேக் ஏழெட்டு கெஜம் பின்வாங்கி நிற்கிறார். பெரும்பாலும் இரண்டரையிலிருந்து மூன்று விநாடிக்குள் பந்து அவர் கையை விட்டுப் போய்விடும். ஓரத்தில் குனிந்து நிற்கும் ரஷருக்கும் அவருக்கும் நடுவே தாக்குதல் டேக்கிள் நிற்கிறார்: ஆறரை அடி உயரம், 140 கிலோ எடை. டேக்கிள் பக்கவாட்டாகப் பின்னோக்கிச் சறுக்கிப் போகிறார். முதல் இரண்டு எட்டில் ரஷர் எவ்வளவு தூரம் கடக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். மூன்றாவது எட்டில் டேக்கிளின் கைகள் அவர் நெஞ்சை நோக்கி வரும். விரல்கள் நெஞ்சுப் பக்கம் ஜெர்ஸியைப் பிடித்துவிட்டால் அந்தப் பாய்ச்சல் முடிந்தது. கை படுவதற்கு ஒரு கணம் முன்னால் மணிக்கட்டையோ முழங்கையையோ வெட்டித் தள்ள வேண்டும். தள்ளிய அதே எட்டில் உள்பக்கத் தோளைத் தாழ்த்தி, டேக்கிளின் அக்குளுக்கு அடியில் நுழைந்து, கணுக்கால் ஒருபக்கமாகச் சாய, வேகம் குறையாமல் வளைந்து உள்ளே திரும்ப வேண்டும். கபடி பார்ப்பவர்களுக்கு இது புரியும்: பிடிக்க வரும் கையை ரெய்டர் சீக்கிரம் உதறினாலும் மாட்டுவார், தாமதமாக உதறினாலும் மாட்டுவார்.

இந்த வேலையில் பாதி காலும் இடுப்பும் செய்வது, மீதிப் பாதி கை செய்வது. முதல் எட்டின் வெடிப்பு, ஓடிக்கொண்டே வளையும் தன்மை, நீளமான கைகள் ஆகியவற்றை ஒருவர் வேறு எந்த ஆட்டத்திலிருந்தும் கொண்டுவர முடியும். இருபது வயதுக்குமேல் பயிற்சியால் அவற்றைப் பெரிதாகக் கூட்டவும் முடியாது. ஆனால் கையின் வேலை முழுக்க இங்கே வந்து பழகியது. டேக்கிளின் கை எப்போது வரும், முதல் உத்தி தோற்றால் அடுத்தது என்ன, எதிராளி நிற்கும் விதத்தைப் பார்த்து இது ஓட்டமா எறிதலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது ஆகியவை ஆயிரக்கணக்கான முறை மோதித்தான் வரும். மாற்றம் தோற்ற இடங்களில் பெரும்பாலானவற்றில், கால் வேலையைப் பார்த்துவிட்டு கை வேலைக்கும் சேர்த்து விலை கொடுத்திருக்கிறார்கள் என்பது என் கருத்து.

சரி, ஏன் இந்த இடத்துக்கு மட்டும் இத்தனை பேரை வெளியிலிருந்து தேடுகிறார்கள்? குவார்ட்டர்பேக்கை அப்படி உருவாக்க முடியாது. எதிரணி பந்து பிடிப்பவரோடு பின்னோக்கி ஓடும் கார்னர்பேக் சிறுவயதிலிருந்தே அந்த அசைவோடு வளர வேண்டும். ரஷர் படிக்க வேண்டிய பாடம் ஒப்பீட்டளவில் குறைவு. அவருக்கு முன்னால் பெரும்பாலும் ஒரே ஒரு ஆள், இலக்கும் ஒன்றே. எறிதல் நிச்சயம் என்று தெரிந்த தருணங்களில் மட்டும் களமிறக்கி, மற்ற நேரம் உட்கார வைத்தும் வளர்க்கலாம். அதோடு அப்படிப்பட்ட உடம்பே அபூர்வம். ஆறு அடி நாலைந்து அங்குலம், 115-லிருந்து 125 கிலோ, அந்த எடையோடு 40 கெஜத்தை நாலரை விநாடியை ஒட்டி ஓடுபவர்கள் உலகத்திலேயே அதிகம் பேர் இல்லை.

அவர்களில் பலர் பதினாறு வயதில் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருப்பார்கள். ஆறு அடி ஐந்து அங்குலப் பையன் பள்ளி அணியில் வளையத்துக்கு அடியில் ராஜா. கல்லூரிக்குப் போனால் அந்த இடத்துக்கு அவன் குள்ளம். தொழில்முறைக் கூடைப்பந்தில் அந்த உயரம் பந்தைத் தட்டி வழிநடத்தும் கார்டின் உயரம், அந்தத் திறமை அவனிடம் இருக்காது. அதே உடம்பு கால்பந்தின் ஓரத்துக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தும். ஜேசன் பியர்-பால் அப்படி வந்தவர். ஹைட்டியிலிருந்து வந்த பெற்றோருக்கு ஃபுளோரிடாவில் பிறந்து, பள்ளியின் கடைசி ஆண்டுகளில்தான் கூடைப்பந்திலிருந்து மாறினார். பெரிய கல்லூரியில் ஆடியது ஒரே ஒரு பருவம். 2010-ல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அவரை 15-வதாக எடுத்தது. இரண்டாவது பருவத்தில் 16.5 சாக், அணிக்கு என்எஃப்எல்லின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் வெற்றி. இரண்டையும் சேர்த்து ஆடியவர் ஜூலியஸ் பெப்பர்ஸ். 2000-ல் வட கரோலினா பல்கலைக்கழகம் கூடைப்பந்தின் இறுதி நால்வர் கட்டத்துக்குப் போனபோது அவர் அந்த அணியில் இருந்தார். பிறகு கால்பந்தில் 159.5 சாக் எடுத்து, 2024-ல் ஹால் ஆஃப் ஃபேமில் நுழைந்தார்.

அன்சாவின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் அவர் சேர்ந்தது 2008-ல். கூடைப்பந்து அணிக்கு முயன்றார், எடுக்கவில்லை. மறுபடி முயன்றார், மறுபடியும் இல்லை. தடகளத்தில் 200 மீட்டர் ஓடினார். அவ்வளவு பெரிய உடம்பு அப்படி ஓடுவதைப் பார்த்தவர்கள் கால்பந்துக்குப் போகச் சொன்னார்கள். 2010-ல் உதவித்தொகை இல்லாமல் அணியில் சேர்ந்தபோது தோள் கவசத்தை எப்படி மாட்டுவது என்றே அவருக்குத் தெரியவில்லை, சக வீரர்கள்தான் மாட்டிவிட்டார்கள். முதல் இரண்டு பருவங்கள் பெரும்பாலும் ஓரமாக நின்றே கழிந்தன. மூன்றாவது பருவமான 2012-ல்தான் முழுநேர இடம் கிடைத்தது. அதிலும் ஓரத்தில் மட்டும் இல்லை, வரிசையின் நடுவிலும் நிறுத்தி ஆடவிட்டார்கள். நடுவில் நின்று மோதி மோதிப் பழகியது, ஓரத்திலேயே பாய்ந்திருந்தால் கிடைத்திருக்காத படிப்பு என்று நினைக்கிறேன். அந்தப் பருவத்தில் அவர் எடுத்தது 4.5 சாக் மட்டுமே.

அந்த 4.5-ஐ வைத்து ஒருவரை ஐந்தாவதாக எடுக்கலாமா? டெட்ராய்ட்டிடம் மற்ற அணிகளிடம் இல்லாத ஒரு தகவல் இருந்தது. 2013 ஜனவரியில் கல்லூரி மூத்தவர்களுக்காக நடக்கும் சீனியர் பவுல் ஆட்டத்தில், அன்சா ஆடிய அணிக்குப் பயிற்சி கொடுத்தது டெட்ராய்ட்டின் பயிற்சியாளர் குழுதான். ஒரு வாரம் அவருக்குச் சொல்லிக்கொடுத்து, திங்கட்கிழமை சொன்னதை அவர் வாரக் கடைசியில் செய்கிறாரா என்று நேரில் பார்த்தார்கள். 271 பவுண்டு எடையோடு 40 கெஜத்தை 4.63 விநாடியில் ஓடினார் என்பது எல்லா அணிகளுக்கும் தெரிந்த எண். எவ்வளவு வேகமாகக் கற்றுக்கொள்கிறார் என்பது இவர்களுக்கே தெரிந்தது. இன்னொன்றும் இருந்தது. ஜிம் ஷ்வார்ட்ஸ் நடத்திய அந்த அணியில் ஓர வீரர்களை வழக்கத்தைவிட இன்னும் வெளியே தள்ளி நிறுத்துவார்கள். ‘வைட் நைன்’ என்று அதைச் சொல்வார்கள். அங்கிருந்து குவார்ட்டர்பேக்கை நோக்கி ஒரு தெளிவான ஓடுபாதை கிடைக்கும், யோசிக்க வேண்டியது குறையும். புதிதாகக் கற்றவருக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. முதல் பருவத்திலேயே 8 சாக், 2015-ல் 14.5.

ஜோர்டானின் கதையில் இது எதுவும் கூடிவரவில்லை. அவரை எடுப்பதற்காகவே மயாமி 12-வது இடத்திலிருந்து மூன்றாவது இடத்துக்கு விலை கொடுத்து ஏறியது. ஓரிகனில் அவருடைய பெருமையே எல்லா வேலையும் செய்வார் என்பதுதான்: பாய்வார், பின்வாங்கிப் பந்து பிடிப்பவர்களோடும் ஓடுவார். எல்லாம் செய்யக்கூடியவர் என்ற புகழுக்குள், ஒரு வேலையைக்கூட அவர் முழுதாகப் பழகவில்லை என்பது மறைந்துபோனது. டிராஃப்ட்டுக்கு முன்பே தோளில் அறுவை சிகிச்சை. ஓரத்தில் ஏற்கெனவே கேமரன் வேக் போன்றவர்கள் இருந்ததால் ஆட்ட நேரமும் குறைவு. அதற்குமேல் மருந்து விதிகளை மீறியதற்காக வந்த தடைகள், 2015 பருவம் முழுவதும் உட்பட. அந்தத் தடைகளை மயாமி முன்கூட்டிக் கணித்திருக்க முடியாது என்று சிலர் சொல்வார்கள். அது நியாயமே. ஆனால் இடம் மாறி வந்த ஒரு வீரருக்கு மிகவும் தேவைப்பட்டது தொடர்ச்சியான பயிற்சி நாட்கள், அவருக்கு அவைதான் கிடைக்காமல் போயின. 2017-ல் சியாட்டிலுக்காக ஐந்தே ஆட்டங்களில் 4 சாக் எடுத்தார். உள்ளே ஏதோ இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

டைட் எண்டிலிருந்து மாறுவதே தப்பு என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. மிக வெற்றிகரமான பாதை உண்மையில் அதுதான் என்றுகூடச் சொல்வேன். ஜே.ஜே. வாட் சென்ட்ரல் மிச்சிகனில் டைட் எண்டாக ஒரு பருவம் ஆடினார், பிடிக்கவில்லை. உதவித்தொகையை விட்டுவிட்டு விஸ்கான்சினுக்குத் தன் செலவில் போய், பீட்சா டெலிவரி வேலை பார்த்துக்கொண்டு தற்காப்பு எண்டாக மாறினார். பிறகு 2012-லும் 2014-லும் தலா 20.5 சாக், மூன்று முறை ஆண்டின் சிறந்த தற்காப்பு வீரர் விருது. தம்பி டி.ஜே. வாட்டும் அதே விஸ்கான்சினில் டைட் எண்ட். முழங்கால் காயங்களால் ஆட்டமே போய்விடுமோ என்ற நிலையில் 2015-ல் ஓரத்தில் நின்று பாயும் வெளி லைன்பேக்கராக மாறி, அடுத்த ஆண்டு 11.5 சாக் எடுத்தார். 2017-ல் 29 பேர் எடுக்கப்பட்ட பிறகு பிட்ஸ்பர்க் அவரை 30-வதாக எடுத்தது. 2021-ல் அவர் எடுத்த 22.5 சாக், 2001-லிருந்து நின்ற மைக்கேல் ஸ்ட்ரேஹனின் சாதனையைச் சமன் செய்தது.

டைட் எண்ட் ஏன் இவ்வளவு நன்றாக மாறுகிறார்? என் பார்வையில், தினமும் பயிற்சியில் அவர் தடுக்க முயல்வது தற்காப்பு எண்டைத்தான். எந்தக் கை அசைவு தன்னை ஏமாற்றியது என்பதை அடி வாங்கியே தெரிந்து வைத்திருப்பார். மாறிய பிறகு எதிரில் நிற்கும் டேக்கிள் என்ன யோசிக்கிறார் என்பது அவருக்குப் புதிதாக இருக்காது.

சில சமயம் வெளியே போய்த் தேடவே வேண்டாம், தப்பான இடத்தில் நிறுத்தப்பட்ட ஆள் அணிக்குள்ளேயே இருப்பார். டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஓரத்திலிருந்து பாய்ந்து பெயர் வாங்கிய ஹாசன் ரெடிக்கை 2017-ல் அரிசோனா 13-வதாக எடுத்து, தற்காப்பு வரிசைக்குப் பின்னால் உள்ளே நிற்கும் லைன்பேக்கராக ஆக்கப் பார்த்தது. உடம்பு சிறியது, ஓரத்துக்குத் தாங்காது என்ற கணக்கு. மூன்று பருவங்கள் வீணாயின. அவருடைய ஒப்பந்தத்தின் ஐந்தாம் ஆண்டை நீட்டவும் அணி மறுத்துவிட்டது. 2020-ல் ஓரத்துக்குத் திரும்பினார்: 12.5 சாக், அதில் ஒரே ஆட்டத்தில் ஐந்து. இரண்டு ஆண்டு கழித்து ஃபிலடெல்ஃபியாவில் 16. மைக்கா பார்சன்ஸ் இதற்கு நேர்மாறான வழியில் வந்தவர். 2021-ல் டாலஸ் அவரை லைன்பேக்கராகத்தான் எடுத்தது. இரண்டாவது வாரத்துக்கு முன் டெமார்கஸ் லாரன்ஸின் கால் எலும்பு முறிந்ததால் வேறு வழியில்லாமல் ஓரத்தில் நிறுத்தினார்கள். அந்தப் பருவத்தில் 13 சாக் எடுத்து, சிறந்த புதிய தற்காப்பு வீரர் விருதும் வாங்கினார். திட்டமிட்டுச் செய்த மாற்றங்களைவிட, ஒரு காயம் தள்ளிவிட்ட இந்த மாற்றம் அதிகம் சாதித்தது.

இனி கடினமான பாதை: வேறு விளையாட்டில் உச்சம் தொட்டுவிட்டு வருபவர்கள், அதிலும் கல்லூரிப் படியே இல்லாமல் நேராக வருபவர்கள். எஸ்தோனியாவின் மார்கஸ் ஹண்ட் 2006 உலக ஜூனியர் தடகளத்தில் குண்டு, வட்டு இரண்டிலும் தங்கம். சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் பயிற்சிக்கு வந்தவர் அங்கே கால்பந்துக்கு மாறினார். கல்லூரியில் எதிரணி உதைத்த பந்தை 17 முறை தடுத்தார். மேலே சொன்ன அதே 2013 டிராஃப்ட்டில் சின்சினாட்டி 53-வதாக எடுத்தது. பல ஆண்டுகள் நிலைத்து ஆடினார், ஆனால் பயமுறுத்தும் ரஷராக ஆகவில்லை. அவருக்குக் கல்லூரிக் காலமாவது இருந்தது. பிரிட்டனின் லாரன்ஸ் ஒகோயே 2012 லண்டன் ஒலிம்பிக் வட்டெறிதல் இறுதிச் சுற்றில் ஆடிய அடுத்த ஆண்டே சான் ஃபிரான்சிஸ்கோவில் தற்காப்பு வரிசைக்கு ஒப்பந்தமானார். இடம் நிலைக்கவில்லை. வட்டெறிதலுக்கே திரும்பி 2022 ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வென்றார். உடம்பு கடைசிவரை உலகத் தரத்தில்தான் இருந்தது. வட்டெறிபவரின் இடுப்புச் சுழற்சி அபாரமானது, ஆனால் அந்த வளையத்துக்குள் அவரைத் தடுக்க யாரும் நிற்பதில்லை.

அப்படியானால் மல்யுத்த வீரர்கள் ஜெயிக்க வேண்டுமே? கைச் சண்டை அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் 2004-ல் பிராக் லெஸ்னர் மினசோட்டா அணியில் முயன்று, பருவம் தொடங்கும் முன்பே வெளியேற்றப்பட்டார். டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற கேபிள் ஸ்டீவ்சன் 2024-ல் பஃபலோவோடு ஒப்பந்தமாகி, ஆகஸ்ட்டில் விடுவிக்கப்பட்டார். மல்யுத்தத்தில் பிடி விழுந்த பிறகுதான் ஆட்டம் சூடுபிடிக்கும். ரஷருக்குப் பிடி விழுவதே தோல்வி. அதோடு, பல ஆண்டுகளாக மோதி வளர்ந்தவர்களோடு ஒரே கோடைகாலத்தில் சரிசமமாக நிற்கச் சொல்வது யாருக்கும் முடியாத காரியம்.

நேராக வந்தும் நிலைத்தவர் எஃபே ஒபாடா. நைஜீரியாவில் பிறந்து, பத்து வயதில் லண்டனில் ஆதரவின்றி விடப்பட்டு, வளர்ப்பு இல்லங்களில் வளர்ந்தவர். லண்டன் வாரியர்ஸ் என்ற உள்ளூர் அணிக்காக ஐந்தே ஆட்டங்கள் ஆடிய நிலையில் 2015-ல் டாலஸ் கூப்பிட்டது. அங்கே நிலைக்கவில்லை, அடுத்தடுத்துப் போன அணிகளிலும் இல்லை. 2017-ல் என்எஃப்எல் தொடங்கிய சர்வதேச வீரர் பாதைத் திட்டத்தில் கரோலினாவுக்குப் போனார். அந்தத் திட்டத்தில் வருபவருக்கு, ஆட்டத்தில் இறங்காமல் தினமும் பயிற்சி மட்டும் செய்யும் பயிற்சி அணியில் கூடுதலாக ஒரு இடம். அப்போதைய விதிப்படி அந்த ஆண்டு முழுக்க அவரை ஆட்டத்தில் இறக்க முடியாது, அவருக்காக வேறு யாரையும் நீக்கவும் வேண்டாம். மேலோட்டமாகப் பார்த்தால் தண்டனைபோல் தெரியும். ஒபாடாவுக்கு அது வரம். ஒரு வருஷம் முழுக்க, இந்த வாரம் நீக்கிவிடுவார்களோ என்ற பயமில்லாமல், என்எஃப்எல் டேக்கிள்களோடு தினமும் மோதினார். 2018 செப்டம்பரில் சின்சினாட்டிக்கு எதிராக முதல் ஆட்டத்தில் இறங்கினார். ஒரு சாக், எதிரணி எறிந்த பந்தைத் தானே பிடித்த ஒரு இடைமறிப்பு, அந்த வாரத்தின் சிறந்த தற்காப்பு வீரர் விருது.

கல்லூரி எண்களைப் பார்த்துப் பொறுமை இழப்பவர்கள் ஒடாஃபே ஓவேயையும் பார்க்க வேண்டும். நியூ ஜெர்சியில் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்து 11-ஆம் வகுப்பில் கால்பந்துக்கு வந்தவர். பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் 2020 பருவத்தில் ஏழு ஆட்டங்களில் அவர் எடுத்தது பூஜ்யம் சாக். பால்டிமோர் 31-வதாக எடுத்தபோது கேலி செய்தவர்கள் உண்டு. முதல் மூன்று பருவங்களில் 5, 3, 5. நான்காவது பருவமான 2024-ல் 10. முதல் இரண்டு எட்டு அவரிடம் ஆரம்பத்திலிருந்தே இருந்தது, டேக்கிளின் கையை வெல்லப் பழகியதற்குத்தான் அத்தனை வருஷம்.

இவ்வளவு சிரமம் இருந்தும் அணிகள் தேடலை நிறுத்தப்போவதில்லை. தேர்ந்த ரஷரின் விலை அப்படி. 2025 ஆகஸ்ட்டில் கிரீன் பே பார்சன்ஸை வாங்கியபோது போட்ட ஒப்பந்தம் நான்கு ஆண்டுக்கு 18.8 கோடி டாலர், ஆண்டுக்கு 4.7 கோடி. அந்தப் பணத்தோடு ஒப்பிட்டால், பயிற்சி அணியில் ஒரு புதியவரை இரண்டு ஆண்டு வைத்துப் பழக்கும் செலவு கணக்கிலேயே வராது. ஒபாடா காலத்தில் ஆண்டுக்கு ஒரு பிரிவின் நான்கு அணிகளுக்கு மட்டும் கிடைத்த அந்தக் கூடுதல் இடம், 2024 பருவத்திலிருந்து 32 அணிகளுக்கும் உண்டு. லண்டனில் பிறந்து, நைஜீரியாவில் வளர்ந்து, பதினான்கு வயதில் அலபாமாவுக்குப் போய் இந்த ஆட்டத்தைக் கற்று, ஜயன்ட்ஸோடு இரண்டு சூப்பர் பவுல் வென்ற ஓசி உமென்யோரா இப்போது ஆப்பிரிக்காவில் முகாம்கள் நடத்தி ஆள் தேடுகிறார். அங்கே வருபவர்களில் பலர் கூடைப்பந்து மைதானத்திலிருந்துதான் வருகிறார்கள்.